பூண்டு இல்லாத வீடு

ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு அந்த மாடி வீடு கிடைத்தபோது வீட்டுக்கார மாமி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

"மீன், முட்டையெல்லாம் நான் சொல்லவே வேண்டாம், உங்களுக்கே தெரியும். ஆனா பூண்டும் கூடாது சார். நீங்க மேலே வதக்கினேள்னா வாசனை படியெறங்கி நேரா எங்காத்துப் பெருமாள்கிட்ட வந்துடும். அப்பறம் நான் தளிகை பண்ணி என்ன பிரயோஜனம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "நாங்க பூண்டே சேக்கறதில்லைங்க மாமி" என்று சொல்லிவிட்டாள். பச்சைப் பொய். எங்கள் வீட்டில் ரசத்துக்கே பூண்டைத் தட்டித்தான் போடுவோம். தெருவுக்கு வந்ததும் கேட்டேன். "பொண்ணுக்கு ஸ்கூல் நடக்கிற தூரம். ஒரு பூண்டுக்காக விட்டுடுவீங்களா?" என்றாள்.

அதன் பிறகு கொஞ்ச நாளில் அவள் மஸ்கட் போய்விட்டாள். அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை. அவள் சொன்ன பொய்யை மெய்யாக்கும் பொறுப்பு எனக்கும், எட்டாவது படித்துக்கொண்டிருந்த மகளுக்கும் வந்து சேர்ந்தது. பூண்டு இல்லாத ரசம், பூண்டு இல்லாத குழம்பு. முதலில் நாக்கு செத்துப்போன மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது. மகள் ப்ளஸ் ஒன் வந்தபோது அப்படி ஒரு பொருள் வீட்டில் இருந்த ஞாபகமே இல்லை.

எனக்கு வேலை தஞ்சாவூர் ரோட்டில், திருவெறும்பூர் தாண்டி, ஒரு தனியார் தானியக் கிடங்கில். தரம் பார்ப்பவன். வருகிற லாரியில் ஏறி, குத்தூசியை மூட்டைக்குள் செருகி, அதன் பள்ளத்தில் வழிந்து வரும் அரிசியை உள்ளங்கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். ஈரம், நொய், பழுப்பு, வண்டு. பார்த்துப் பார்த்து, எங்கே போனாலும் கண் தரையில்தான் இருக்கும். கொக்கி போட்டுத் தூக்கிய மூட்டையில் ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டையோடே அது லாரியில் போகிறது. வேகத்தடை வருகிற இடத்திலெல்லாம் ரோட்டில் ஒரு கைப்பிடி அரிசி கிடக்கும். தார்ப்பாயின் கிழிசலில் சாரல் இறங்கினால் அடுக்கின் நடுவே ஒரு மூட்டை சூடேறிவிடும். உள்ளே கையை விட்டால் காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டதுபோல இருக்கும். எலிக்குக் கொஞ்சம், புறாவுக்குக் கொஞ்சம், வண்டுக்கு நிறைய. எல்லாவற்றுக்கும் சேர்த்து சேதாரம் என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். யாரும் அரிசியைத் தூக்கிக் கொட்டுவதில்லை. ஆனால் வயலில் விளைந்தது முழுக்கத் தட்டுக்கு வந்ததும் இல்லை.

சாம்பிள் எடுத்த அரிசியைச் சின்னப் பைகளில் கட்டி, அந்தச் சரக்கு வெளியே போகும்வரை வைத்திருப்போம். போன பிறகு அது யாருக்கும் வேண்டாம், குப்பைக்குத்தான். அதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மேனேஜரிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவேன். பொன்னி, இட்லி அரிசி, பச்சரிசி, பெயர் தெரியாத குண்டு அரிசி எல்லாம் ஒரே சாக்கில் சேரும். அதை வடித்தால் பாதி குழைந்து கூழாகியிருக்கும், பாதி விதை மாதிரி விறைத்து நிற்கும்.

"அப்பா, ஒரே தட்டுல எத்தனை தாலுகா இருக்கு பாருங்க. லால்குடி வெந்துடுச்சு. முசிறி இன்னும் வேகல" என்பாள் மகள்.

"மென்னு சாப்பிடு. உடம்புக்கு நல்லது."

"குப்பையில போடறதுக்கு பதிலா நம்ம வயித்துல போடறீங்க. அவ்வளவுதானே?"

அந்தச் சாக்கு பின்பக்கத்துச் சின்ன அறையில் இருந்தது. மகள் படிக்கிற மேஜையும் அங்கேதான்.

நாங்கள் இருவரும் சண்டை போட்டதில்லை. அதிகம் பேசியதும் இல்லை. நான் வீட்டுக்கு வரும்போது அவள் படித்துக்கொண்டிருப்பாள். நான் குளித்து, உலை வைத்து, கிடங்கிலிருந்து வரும் போன்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். அவள் அம்மா பேசுகிற நேரம்தான் வீட்டில் சத்தம் இருக்கும். இப்போது யோசித்தால், நான் அவளிடம் பேசி அவள் கேட்டதைவிட, போனில் மற்றவர்களிடம் பேசியதை அவள் கேட்டதுதான் அதிகம்.

அந்தப் பேச்சில் தினமும் வருகிற சொல் மருந்து. வண்டு விழுந்த அட்டிக்கு, அதாவது உயரமாக அடுக்கிய மூட்டைகளுக்கு, மேலே பெரிய கவர் போர்த்தி, தரையோடு படியும் ஓரங்களில் மணல் நிரப்பிய நீளப் பைகளை வைத்து அழுத்தி, உள்ளே மாத்திரை வைப்போம். அந்த மாத்திரை காற்றின் ஈரம் பட்டு வாயுவாகும். ஒரு வாரம் யாரும் கிட்டே போகக் கூடாது. கதவில் மண்டையோடு வரைந்த பலகை தொங்கும். அத்தனையும் இருந்தும் தொழிலில் யாரும் அதை விஷம் என்று சொல்வதில்லை. மருந்து வைத்தாயா, மருந்து எடுத்தாயா, அவ்வளவுதான். "மருந்து வச்சுட்டீங்கல்ல? அப்பறம் என்ன? ஒரு மணி அரிசி வீணாகாது, மூடி வைங்க, ஒண்ணும் ஆகாது" என்று நான் போனில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். திறக்கிற அன்று கிடங்கில் லேசாக ஒரு வாடை அடிக்கும். அழுகின பூண்டு மாதிரி. எங்களுக்கு அது பிடிக்காத வாடை இல்லை. அது வந்தால் சரக்கு பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

ஐப்பசி அடைமழையில் வீட்டுச் சாக்கிலும் வண்டு பெருகிவிட்டது. சுவரில் ஏறி மேஜைக்கு வந்தது.

"கெமிஸ்ட்ரி புக்ல ஊருதுப்பா. எனக்கு முன்னாடி அது பாஸ் பண்ணிடும் போல."

"ஞாயித்துக்கிழமை மாடியில காய வச்சு சலிச்சுடலாம்மா."

"போன ஞாயித்துக்கிழமையும் இதேதான் சொன்னீங்க. எங்க வெயிலு?"

"வசம்பு போட்டிருக்கேன்ல?"

"அதுங்க வசம்பைத்தான் முதல்ல சாப்பிடுதுங்க."

அடுத்த இரண்டு நாளில் ஒரு காலை, மழையால் பள்ளிகளுக்கு விடுமுறை என்று டிவியில் வந்தது. மழை என்றால் அவளுக்கு லீவு, எனக்குக் கட்டாயம் வேலை. இரவெல்லாம் நனைந்த லாரிகள் வாசலில் வரிசையாக நிற்கும். போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "நீங்களும் லீவு போடுங்கப்பா, பஜ்ஜி போடலாம்" என்றாள். "சரக்கெல்லாம் வீணாப் போயிடும்மா. ஜன்னலைச் சாத்திக்க, மழைக்கு ஒதுங்கற குரங்கெல்லாம் உள்ள வந்துடும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கிடங்கில் தகரக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிற்பவரிடம் பேசவும் கத்த வேண்டும். நனைந்த மூட்டைகளைத் தனியே பிரித்துக்கொண்டிருந்தோம். அடியில் இருந்தவற்றில் நெல் முளை விட்டு, சாக்கின் கண்களுக்கு வெளியே வெள்ளையாக எட்டிப் பார்த்தது. அப்போது வீட்டுக்கார மாமியிடமிருந்து போன்.

"சார், கேக்கறேனேன்னு தப்பா எடுத்துக்கப்படாது."

"சொல்லுங்க மாமி."

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்ற மாதிரி நீங்க வெச்சுண்டதில்லை. இன்னிக்கு மழை, கொழந்தைக்கு நாக்கு கேட்டிருக்கும், வாஸ்தவம்தான். ஆனா நான் சொல்லித்தானே குடி வெச்சேன்? படியெல்லாம் பூண்டு வாசனை எறங்கறது. பெருமாள் இன்னும் அமுது செய்யலை சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "மாமி, எங்க வீட்ல பூண்டே கிடையாதே" என்றேன். அந்த நிமிடத்தில் அது முழு உண்மை என்பதில் ஒரு பெருமைகூட இருந்தது.

"அப்போ என் மூக்கு பொய் சொல்றதா? பூண்டுன்னா நல்ல பூண்டுகூட இல்லை. அழுகல் பூண்டு. குமட்டறது."

என் எதிரே கவர் போர்த்திய ஓர் அட்டி நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தவன், பேச்சை நிறுத்தினேன். கையிலிருந்த குத்தூசி கீழே விழுந்தது எனக்குத் தெரியாது. பிறகு மேனேஜர் சொல்லித்தான் தெரிந்தது.

"மாமி, பொண்ணு எங்க?"

"மேலே தானே இருப்பா? கார்த்தாலேருந்து எறங்கலை."

"கூப்பிட்டுப் பாருங்க."

அவர் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். மழை இரண்டு பக்கமும் பெய்துகொண்டிருந்தது.

"தூங்கறாளோ என்னமோ."

"மாமி, அது பூண்டு இல்ல. அரிசிக்கு வைக்கிற மருந்து. விஷக் காத்து. உங்ககிட்ட சாவி இருக்குல்ல? கதவை மட்டும் திறந்துட்டுக் கீழ வந்துடுங்க. நீங்க உள்ள போகாதீங்க. தெருவுல யாரையாவது கூப்பிடுங்க."

"யாரைக் கூப்பிடறது? மாமா கோயிலுக்குப் போயிருக்கார். இந்த மழைல தெருவுல நாய்கூட இல்லை."

நான் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போங்கள் என்று அறுபது தாண்டிய ஒரு பெண்ணிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போக வேண்டாம் என்று இரண்டாம் தடவை சொல்லவும் வரவில்லை. அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று மாமிக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"மூக்கைப் பொத்திக்கறேன்" என்றார்.

போனை அணைக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டார் போலிருக்கிறது. புடவை உரசும் சத்தம். படி. மூச்சு வாங்குவது. சாவிக்கொத்து. கதவு திறந்தது. "ஏய் கொழந்தே" என்ற குரல், உடனே இருமல். பிறகு எதுவோ இழுபடுவது, ஒரு நாற்காலி சாய்வது. நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மழைக்கு நடுவே அந்த வீட்டை முழுவதும் காதால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் கதவு சுவரில் மோதியது. மறுபடி இருமல். அதன் பிறகு வெகு நேரம் மழை மட்டும்.

"சார். சார், இருக்கேளா? பாத்ரூம் வாசல்ல கெடந்தா. வெளில கொண்டுவந்துட்டேன். வாந்தி எடுத்திருக்கா. மூச்சு இருக்கு. கண்ணு தெறக்க மாட்டேங்கறா. தண்ணி விடட்டுமா?"

"மூஞ்சில மட்டும் தெளிங்க மாமி! உள்ள ஒரு சொட்டு படக் கூடாது. மூட்டைகிட்ட யாரும் போகக் கூடாது. தண்ணி பட்டா இன்னும் கிளம்பும்."

"உள்ளே யார் போறா இனிமே" என்றார் மாமி. அழுதுகொண்டிருந்தார்.

மேனேஜர் பழைய திருச்சிக்காரர். பெரிய கடைவீதிப் பக்கம் வீடு. என் முகத்தைப் பார்த்தார், எதுவும் கேட்காமல் கார் சாவியை எடுத்தார். வண்டியில் ஏறின பிறகு நான் துண்டு துண்டாகச் சொன்னேன். "யா அல்லாஹ்" என்றவர் வழி முழுவதும் வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. திருவெறும்பூரில் ஷிப்ட் முடிந்து வந்த கூட்டம் மழைக்கோட்டோடு ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. காவேரிப் பாலத்தில் ஆட்கள் குடையோடு நின்று வெள்ளத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் மாமி ஒரு ஆட்டோவை மறித்து, மகளைத் தன் மடியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்.

அங்கே இருந்த இளம் டாக்டரிடம் மாத்திரையின் பெயரைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்குன்னு தனியா மருந்து கிடையாதுங்க. ஹார்ட்டைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். அவங்க தாக்குப் பிடிக்கணும்."

மருந்து என்ற சொல்லை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்பது போலிருந்தது.

அவள் தாக்குப் பிடித்தாள். அதற்கு எவ்வளவு நாள் ஆயிற்று என்று என்னைக் கேட்டால் சரியாகச் சொல்ல மாட்டேன். ஐசியூ வாசலில் பகலும் இரவும் ஒரே டியூப் லைட் வெளிச்சம். இடையில் ஒரு நாள் தீயணைப்புத் துறைக்காரர்கள் வீட்டுக்குப் போய் அந்தச் சாக்கை எடுத்துச் சென்றார்கள். நானும் கூட இருக்க வேண்டியிருந்தது. அறைக்குள் எட்டிப் பார்த்தேன். சாக்கின் மேல் பழைய பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று போர்த்தியிருந்தது. அதன் ஓரங்களில், தரையோடு படியும்படி, அவளுடைய பாடப் புத்தகங்கள் வரிசையாக அழுத்தி வைக்கப்பட்டிருந்தன. இடைவெளி விடாமல், மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும்படி. எங்கள் ஆட்களே அவ்வளவு ஒழுங்காக வைக்க மாட்டார்கள்.

"என்ன ரகம் அரிசி சார்?" என்று கேட்டார் அவர்களில் ஒருவர்.

"எல்லா ரகமும்" என்றேன். அவர் நான் கிண்டல் செய்வதாக நினைத்திருக்கலாம்.

என் மனைவி மஸ்கட்டிலிருந்து கிடைத்த விமானத்தில் வந்து சேர்ந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே நர்ஸ்களிடம் போய் அவர்கள் பாஷையில் பேசினாள், மானிட்டரைப் பார்த்தாள், மகளின் காலைத் தொட்டுப் பார்த்தாள். அதன் பிறகுதான் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

"ஊர் அரிசிக்கெல்லாம் காவல் இருக்கீங்க" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மகள் பேசத் தொடங்கியதும் முதலில் அம்மாவைத்தான் தேடினாள். என்னிடம் தனியாகப் பேசக் கிடைத்தது வார்டுக்கு மாற்றிய பிறகு. குரல் இன்னும் கரகரவென்று இருந்தது.

"முதல் நாள் ஸ்கூல்லேருந்து வரும்போதே மளிகைக் கடையில வண்டுக்கு மருந்து இருக்கான்னு கேட்டேன்பா. பேப்பர்ல மடிச்சுக் குடுத்தாங்க. நீங்க வர்றதுக்குள்ள முடிச்சு வைக்கலாம்னு."

"பேசாதம்மா. மூச்சு வாங்குது பாரு."

"நீங்க சொல்ற மாதிரிதான் மூடினேன். ஒண்ணும் ஆகாதுன்னு சொல்வீங்கல்ல? நல்லா மூடினா ஒண்ணும் ஆகாதுன்னு."

"அது அரிசிக்கும்மா" என்றேன்.

அவள் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த ரூமுக்கு இனிமே போக மாட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இனிமேல் தயிர் வேண்டாம் என்று சொல்வது போலச் சொன்னாள்.

டிஸ்சார்ஜ் ஆனதும் ஸ்ரீரங்கத்துக்கு வரவில்லை. என் மனைவியின் அக்கா வீட்டில் தங்கினார்கள். அங்கிருந்தே மஸ்கட் போனார்கள். மிச்சப் படிப்பை அங்கே முடிக்கட்டும் என்று முடிவாயிற்று. முடிவு செய்த பேச்சில் நானும் இருந்தேன், தலையும் ஆட்டினேன். ஏர்போர்ட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினாள். கொஞ்சம் நடந்தாலே அவளுக்கு மூச்சு வாங்கியது. வேகமாக நடக்கிற என் மனைவி அவளுக்காக நின்று நின்று போனாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் நான் மட்டும். ஜன்னல்களைச் சாத்துவதே இல்லை. குரங்குகள் வந்தன. பிரட் பாக்கெட்டைக் கிழித்தன, சோப்பைக் கடித்துப் பார்த்துவிட்டு எறிந்தன. வேலையிலிருந்து வந்து பெருக்கிவிடுவேன். சின்ன அறையைத் திறந்தே வைத்திருந்தேன். அதற்குள் காலடி வைத்ததில்லை. அவள் புத்தகங்களை யாரோ எடுத்து மேஜைமேல் அடுக்கியிருந்தார்கள். சமைப்பது நின்றுபோயிற்று. ஒருவனுக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. குறைத்துப் போட்டாலும் மிஞ்சியது. மிஞ்சியதைக் கொட்டவும் மனம் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ்ஸில் சாப்பிட ஆரம்பித்தேன்.

மாமிக்கு ஒரு வாரம் தலைவலி இருந்தது. நான் நன்றி சொல்லப் போனபோது என்னைப் பேசவே விடவில்லை.

"பூண்டுன்னு நெனச்சுண்டு சண்டை போடத்தான் சார் போன் பண்ணேன். எனக்கு எதுக்கு நன்றி? நான் நல்லவளா இருந்திருந்தா, போனாப் போறதுன்னு பொறுத்துண்டிருப்பேன். என்ன ஆயிருக்கும்?"

அவர் சிரிக்க முயன்றார். நான் சிரித்தேன். அதன் பிறகு படியில் பார்த்தால் குழந்தையைப் பற்றி மட்டும் கேட்பார். இறங்கி வரும்போது அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தால் நான் வேகமாகக் கடந்துவிடுவேன். ஏன் என்று தெரியவில்லை. யாரிடம் உயிர்க்கடன் பட்டிருக்கிறோமோ அவர்களைப் பார்ப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

கிடங்கில் அந்தக் குளிர்காலத்தில் ஒரு தவறு நடந்தது. மருந்து வைக்க வேண்டிய அட்டி ஒன்றுக்குத் தேதி குறிக்க வேண்டியவன் நான். இன்று ஈரம் அதிகம், இன்று ஆள் இல்லை, கவரில் ஓட்டை இருக்கிறது என்று தள்ளிக்கொண்டே போனேன். எல்லாமே உண்மையான காரணங்கள்தான். பொங்கல் முடிந்து பிரித்தபோது மூட்டைகளின் மேல் மாவு பூத்திருந்தது. ஒரு பிடி அள்ளினால் கையில் கனமே இல்லை. ஒவ்வொரு மணியிலும் துளை. உள்ளே ஒன்றும் இல்லாத அரிசி. எத்தனையோ வீடுகள் சாப்பிட்டிருக்கலாம். முன்பு இப்படி ஒன்றைப் பார்த்தால் எனக்கு இரவு தூக்கம் வராது. அன்று அந்த மாவைத் தட்டிவிட்டுக் கை கழுவினேன்.

மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார். "இனிமே மருந்து விஷயம் நான் பார்த்துக்கறேன் சார். நீங்க லாரியை மட்டும் பாருங்க."

"மன்னிச்சுடுங்க பாய்."

"எதுக்கு? அரிசி போனா போகுது, வருஷா வருஷம் விளையும். நீங்க புள்ளைய வரவைக்கிற வழியைப் பாருங்க."

அவர் சொன்னது ஆறுதலுக்குத்தான். ஆனால் வரவைக்கிற வழி என்று ஒன்று இருக்கலாம் என்று அதுவரை நான் யோசிக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் அவள் சொன்னதை, என்னிடம் வர மாட்டேன் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது அந்த அறைக்குப் போக மாட்டேன் என்றுதான்.

முழுப் பரீட்சை நெருங்கியபோது போனில் லீவுக்கு வருவாயா என்று கேட்டேன்.

"அங்க ரொம்ப வெயிலா இருக்கும்பா."

"மஸ்கட்டைவிடவா?"

"அம்மா விடணும்ல" என்றாள். பிறகு பரீட்சையைப் பற்றிப் பேசினாள்.

மறு வாரமே வீடு தேட ஆரம்பித்தேன். திருவெறும்பூரில், வேலைக்குப் பக்கமாக. ரிட்டயரான தொழிற்சாலைக்காரர்களின் வீடுகள் வரிசையாக இருக்கிற தெரு. ஒரு வீட்டில் மாடி காலியாக இருந்தது. வீட்டுக்காரர் முன்னால் ஏறிப் போய் ஒவ்வொரு அறையாகத் திறந்துவிட்டார்.

"சர்வீஸ்ல இருக்கும்போதே கட்டினதுங்க. மாடிப்படிக் கம்பியெல்லாம் பாருங்க, ஆட்டினா ஆடாது. எத்தனை பேரு இருப்பீங்க?"

"நானும் பொண்ணும். என் வீட்ல மஸ்கட்ல இருக்காங்க."

"பொண்ணு என்ன படிக்குது?"

"ப்ளஸ் டூ போகணும்."

"இங்கேயா?"

"வருவா" என்றேன். அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டது எனக்குத் தைரியமாக இருந்தது.

கிழக்குப் பக்க அறையில் நின்று மகளுக்கு வீடியோ கால் போட்டேன். கட்டிலில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தாள். முகம் கொஞ்சம் பூசினாற்போல இருந்தது.

"எங்கப்பா இருக்கீங்க? இது யார் வீடு?"

"பார்க்க வந்தேன். இது பிடிச்சிருக்கான்னு சொல்லு." போனைத் திருப்பி மெதுவாகச் சுற்றிக் காட்டினேன். அலமாரி, ஃபேன், சுவரில் ஆணி, வெளியே ஒரு புங்க மரம்.

"நில்லுங்க, நில்லுங்க. அந்த ஜன்னல் முழுசாத் திறக்குமா?"

"திறக்கும்மா."

"திறந்து காட்டுங்க."

ஒரு கதவு திறந்தது. மற்றது பெயிண்ட் ஒட்டி இறுகிப்போயிருந்தது. போனை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுத் தோளால் முட்டினேன். "விடுங்க சார், கார்ப்பெண்டரை வரச் சொல்றேன்" என்றார் அவர். நான் விடவில்லை. மறுபடி முட்டினேன், அப்புறம் மறுபடி. மரம் கிறீச்சிட்டுப் பிரிந்து, கதவு போய் வெளிச்சுவரில் மோதியது. சூடான காற்று முகத்தில் அடித்தது. பெயிண்ட் துணுக்குகள் சட்டை முழுக்க உதிர்ந்தன.

போனை வாங்கிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டு பின்னால் கதவைத் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா, அம்மாகிட்ட இப்போ ஒண்ணும் சொல்லாதீங்க. நானே மெதுவா பேசறேன்."

"என்ன பேசப் போற?"

"இருங்கப்பா, வராங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

வீட்டுக்காரர் துடைப்பம் எடுக்கப் போயிருந்தார். நான் அந்த ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தேன். அவர் திரும்பி வந்ததும், இந்த வீட்டையே எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.